அசைபோடக் கற்றுக்கொள்வோம்

வேதபாகம்: சங்கீதம் 1, சங்கீதம் 77, லூக்கா 2:15-19



 இந்த வாரச் சிந்தனையை என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்வதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவருக்கு இரத்த அழுத்தம் கூடியிருந்தது; இரவுகளில் உறக்கம் இல்லை. மருத்துவர் மாத்திரைகளை எழுதிக் கொடுத்ததோடு, தினமும் சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்து தியானம் செய்து பழகுமாறும் சொல்லியிருந்தார். "ஐயா, நாம் தியானம் செய்யலாமா? அது பாவம் ஆகாதா?" என்று அந்தத் தாயார் தாழ்ந்த குரலில் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் கைகுலுக்கக் காத்து நின்றார்கள். "அதெல்லாம் நமக்கு வேண்டாம் அம்மா. ஜெபம் பண்ணுங்கள், அது போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கடந்த மாதம் அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை எல்லாரும் போகும் வரையில் காத்திருந்தார். "ஐயா, நீங்கள் வேண்டாம் என்று சொன்னீர்கள். வேண்டியது எது என்று சொல்லவில்லையே. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு நான் என்ன செய்ய?"

பிரியமானவர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் ஆயத்தமான பதில் ஒன்றும் இல்லை. வாரந்தோறும் "தியானச் செய்தி" என்ற பெயரில் பேசுகிறவன் நான். ஆனால் வேதத்தைத் திறக்கும்போதெல்லாம் உங்களுக்குச் சொல்ல மூன்று குறிப்புகளைத் தேடியே திறந்திருக்கிறேன். பந்தி முழுவதற்கும் பரிமாறிவிட்டுத் தான் பட்டினியாக வீடு திரும்பும் சமையற்காரனைப்போல் பல ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்தத் தாயாருக்குக் கொடுத்த அவசரப் பதிலை இங்கே திரும்பப் பெறுகிறேன். தியானம் நமக்கு வேண்டும். அது நமக்கு உரியது. அதைக் கற்றுக்கொடுக்கத் தவறியது சபையின் குறை. அதில் முதற்பங்கு என்னுடையது.

நம் வீட்டுப் பொக்கிஷம்

சங்கீதப் புத்தகத்தின் வாசலிலேயே தியானம் நிற்கிறது. முதலாம் சங்கீதம் பாக்கியவானாகிய மனிதனைக் காட்டும்போது, அவன் இரவும் பகலும் கர்த்தருடைய வேதத்தில் தியானமாயிருக்கிறான் என்று சாட்சி சொல்கிறது. யோசுவா பெருஞ்சுமை ஒன்றைத் தோளில் ஏற்ற நாளில் கர்த்தர் அவனுக்குக் கொடுத்த கட்டளையும் இதுவே. ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம்பண்ண வெளியிலே போனான் என்று ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மேய்ப்பர்கள் வந்து சொன்ன காரியங்களையெல்லாம் மரியாள் தன் இருதயத்திலே வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள் என்று லூக்கா எழுதுகிறார். நம் ஆண்டவரே அதிகாலையில், இருட்டோடே எழுந்து, வனாந்தரமான இடத்துக்குப் போனார் என்பதை மாற்கு 1:35 அறிவிக்கிறது.

முதலாம் சங்கீதத்தில் "தியானம்" என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெய மொழியில் உள்ள வினைச்சொல் "ஹாகா" என்பது. அதற்கு அடிப்படையான பொருள், வாய்க்குள் முணுமுணுப்பது, தாழ்ந்த குரலில் ஒலிப்பது. ஏசாயா 31:4இல் இரையைப் பிடித்த சிங்கம் அதன்மேல் உறுமுவதற்கும் இதே சொல்தான். ஏசாயா 38:14இல் வியாதியிலிருந்து பிழைத்த எசேக்கியா ராஜா, தான் புறாவைப்போல் முனகியதைச் சொல்லும்போதும் இதே சொல்தான். யோசுவாவுக்குக் கொடுத்த கட்டளையைக் கவனியுங்கள். வேதபுஸ்தகம் அவனுடைய வாயைவிட்டு விலகக்கூடாது என்றே கர்த்தர் சொல்கிறார். வாய்தான் அங்கே பேசப்படுகிறது. கண்ணை மூடி, ஒன்றையும் நினைக்காமல், சிலைபோல் உட்கார்ந்திருப்பது மட்டுமே தியானம் என்று எண்ணி அஞ்சியவர்களுக்கு இது ஆறுதலாகட்டும். வேதம் சொல்லும் தியானம் உதட்டில் தொடங்குகிறது.

தமிழில் இதற்கு அழகான சொல் ஒன்று நம்மிடம் உண்டு: அசைபோடுதல். பசு தான் மேய்ந்ததை நிழலில் படுத்து மறுபடியும் மெல்லுவதற்கும் அந்தச் சொல்தான்; கேட்ட ஒரு செய்தியை மனிதன் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பதற்கும் அதே சொல்தான். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்த்தூசியத் துறவியாகிய இரண்டாம் கீகோ, வாசிப்பு, தியானம், ஜெபம், தரிசனம் என்னும் நான்கு படிகள் உள்ள ஓர் ஏணியைக் குறித்து எழுதினார். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது என்றும், தியானம் அதை மென்று அரைக்கிறது என்றும் விளக்கினார். பிரியமானவர்களே, இன்று நம்மில் பலர் வாயில் இட்டதை மெல்லாமல் விழுங்குகிறோம். காலையில் கைப்பேசியில் ஒரு வசனம் வருகிறது. கைகூப்பிய படம் ஒன்றை அதற்குப் பதிலாக அனுப்புகிறோம். அதை இன்னும் ஐந்து குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறோம். மதியம் அந்த வசனம் என்னவென்று கேட்டால் நினைவில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் சங்கீதத்தின் முதல் வசனத்தில், ஜனங்கள் வீணானதைச் சிந்திக்கிறார்கள் என்னும் இடத்திலும் அதே "ஹாகா"தான் நிற்கிறது. முதலாம் சங்கீதத்தில் நீதிமான் வேதத்தை முணுமுணுக்கிறான். அடுத்த சங்கீதத்தில் ஜாதிகள் வீணானதை முணுமுணுக்கின்றன. ஆகவே முணுமுணுக்காத இருதயம் ஒன்று இருப்பதாக வேதம் காட்டவில்லை. நேற்று மைத்துனர் சொன்ன சுடுசொல்லையும், கட்ட வேண்டிய கடன் தவணையையும், மகனுக்கு வராத வேலையையும் இரவெல்லாம் நம் உள்ளம் அசைபோட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு மெல்லக் கொடுக்கும் தீனி எது என்பதே நாம் தீர்மானிக்க வேண்டியது.

ஓலை முடைந்தவர்கள்

என் தகப்பனாரைப் பெற்ற பாட்டிக்கு எழுத்து வாசனை கிடையாது. பனங்காட்டு ஊரில் வாழ்ந்தவர். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பனையோலைப் பெட்டி முடைவார். ஊர் உபதேசியார் சொல்லச் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்த சங்கீதங்கள் சில அவரிடம் இருந்தன. ஓலையை மடித்துக் கோக்கும் கையோடு உதடும் அசைந்துகொண்டே இருக்கும். சிறுபிள்ளையாகிய நான், "பாட்டி, யாரிடம் பேசுகிறீர்கள்?" என்று கேட்டதுண்டு. "பேசவில்லையப்பா, நூற்றிருபத்தொன்றில் இருக்கிறேன்" என்பார். சங்கீதத்தில் "இருக்கிறேன்" என்று சொன்னார், வீட்டுக்குள் இருப்பதைப்போல.

பிற்காலத்தில் வேதசாஸ்திரக் கல்லூரியில் சபை வரலாற்றைப் படித்தபோது, நான்காம் நூற்றாண்டின் எகிப்து தேசத்துப் பாலைவனத் துறவிகளைப் பற்றி அறிந்துகொண்டேன். அவர்கள் பேரீச்ச மரத்தின் ஓலையில் கயிறு திரித்தும் கூடை முடைந்தும் பிழைத்தார்கள். கை வேலை செய்ய, வாய் சங்கீதத்தை முணுமுணுத்தது. அவர்களிடம் போய்த் தங்கிக் கற்ற யோவான் காசியன், பின்னர் மார்செய் நகரில் வாழ்ந்து, அவர்களோடு நடந்த உரையாடல்களை எழுதி வைத்தார். அதில் ஈசாக்கு என்னும் துறவி, 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை எந்நேரமும் நெஞ்சில் வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்படி போதிக்கிறார். தேவனே, விரைந்து வந்து எனக்குத் துணைசெய்யும் என்று வேண்டும் வசனம் அது. துக்கத்திலும் மகிழ்ச்சியிலும், உணவு வேளையிலும் உறக்கம் வராத வேளையிலும் அந்த ஒரே வேண்டுதல் பொருந்தும் என்பது அவருடைய போதனை.

எகிப்தின் பாலைவனத்துக்கும் எங்கள் ஊர்த் தேரி மணலுக்கும் இடையில் எத்தனையோ நூற்றாண்டுகள் உண்டு. பாட்டி காசியனின் பெயரைக் கேட்டதே இல்லை. ஆனாலும் அவர்கள் கையில் இருந்ததும் ஓலை. இவர் கையில் இருந்ததும் ஓலை. அவர்கள் வாயில் இருந்த சங்கீதப் புத்தகமே இவர் வாயிலும் இருந்தது. இதை அறிந்த பிறகும் "தியானம் நமக்கு வேண்டாம்" என்று அந்தத் தாயாரிடம் சொன்னேன் என்பதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

சிலருடைய தயக்கங்கள்

உங்களில் சிலர் மனதில் எழும் கேள்விகளை நான் அறிவேன். அவற்றுக்கு என் கருத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன்.

தியானம் பிற சமயத்தாருடைய வழக்கமல்லவா என்பது முதலாவது கேள்வி. ஜெபமும் உபவாசமும் பிற சமயங்களிலும் உண்டு. அதனால் நாம் அவற்றைக் கைவிடவில்லை. நாம் யாருடைய சமுகத்தில், எந்த வார்த்தையோடு உட்காருகிறோம் என்பதே நமக்கு முக்கியம். வேறொரு தெய்வத்தை அழைக்கும் சொல்லை ஒரு விசுவாசி தன் வாயில் வைக்கக்கூடாது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முதுகை நிமிர்த்தி உட்காருவதும், மூச்சை நிதானமாக விடுவதும் எந்தச் சமயத்துக்கும் தனிச்சொத்து அல்ல. ஆதியாகமம் 2:7இன்படி நம் நாசியில் சுவாசத்தை ஊதினவர் நம் தேவன். அவர் தந்த மூச்சை அவர் முன்னிலையில் அமைதியாக விடுவதற்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை.

1950களில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசுப் பணியில் இருந்த ஜான் மெயின் என்னும் கத்தோலிக்கர், அங்கே அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திவந்த சுவாமி சத்தியானந்தாவிடம் தியானம் கற்றார். கிறிஸ்தவராகிய அவர் கிறிஸ்தவராகவே தியானிக்க வேண்டும் என்பது அந்தச் சுவாமியின் அறிவுரை. பின்னாளில் பெனடிக்டின் துறவியான மெயின், காசியனின் நூலை வாசித்தபோது, ஒரு சிறு ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வழி தம் சொந்தச் சபையின் பழைய பெட்டிக்குள்ளேயே இருந்ததைக் கண்டார். அவருடைய முறை முழுவதையும் நான் பின்பற்றவில்லை. வேதவசனத்தை வாசித்து அசைபோடும் வழியே எனக்கு உகந்தது. ஆயினும் அவருடைய வாழ்க்கை என்னைக் குத்துகிறது. தன் வீட்டுப் பெட்டியில் இருந்ததை அறிய அவர் அயல்வீடு வரை போக வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளும் அப்படிப் போகிறார்கள் என்றால், பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிற நாம் அவர்களைக் கடிந்துகொள்வது நியாயமா? விடியற்காலையில் எழுந்து தம் வழியில் அமைதியாக அமரும் அயலாரைப் பழிப்பதற்கு முன், நாம் நம்முடைய பாயை விரித்து உட்காருவோமாக.

இரண்டாவது கேள்வி, திரும்பத் திரும்பச் சொல்வதை ஆண்டவர் மத்தேயு 6:7இல் கண்டிக்கவில்லையா என்பது. அவர் கண்டித்தது, அதிக வசனிப்பினால் தேவனை இணங்கவைக்கலாம் என்னும் எண்ணத்தை. கெத்செமனேயில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தவர் அவரே என்று மத்தேயு 26:44 சொல்கிறது. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும், தேவனுடைய கிருபை நிலைத்திருக்கிறது என்னும் அறிக்கை மாறாமல் வருகிறது. தேவனை அசைப்பதற்காக நாம் திரும்பச் சொல்வதில்லை. அசைய மறுக்கிற நம் இருதயத்துக்காகவே திரும்பச் சொல்கிறோம்.

எப்படித் தொடங்குவது?

இப்போது அந்தத் தாயாருடைய கேள்விக்கு வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, நானும் ஒரு புதியவனாகவே இதைச் சொல்கிறேன். கடந்த சில வாரங்களாகத்தான் நான் ஒழுங்காக உட்காருகிறேன்.

பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று பொருத்தனை பண்ணாதிருங்கள். மூன்றாம் நாள் அது முறிந்துபோகும், அதன் பின் குற்றவுணர்வு நம்மைப் பாயின் பக்கமே வரவிடாது. ஒரே நேரத்தையும் ஒரே இடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தனி அறை எல்லாருக்கும் கிடையாது. மொட்டைமாடிப் படிக்கட்டும், பிள்ளைகள் எழும்புவதற்கு முந்தைய சமையலறையும், பேருந்தின் ஜன்னலோர இருக்கையும் போதுமானவை. தரையில் உட்கார முழங்கால் இடங்கொடாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம். கைப்பேசியை வேறோர் இடத்தில் வைத்துவிட்டு, அச்சிட்ட வேதாகமத்தை எடுங்கள்.

ஒரு சிறு பகுதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 23, 121, 131 ஆகிய சங்கீதங்கள் தொடங்குவதற்கு ஏற்றவை. அதை வாய்விட்டு, மெதுவாக, மூன்று தரம் வாசியுங்கள். பூர்வ காலத்தில் வேதத்தை வாய்விட்டு வாசிப்பதே வழக்கம். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி வாசிப்பது பிலிப்புவின் காதில் விழுந்தது அதனால்தான். வாசிக்கும்போது ஒரு சொல்லோ ஒரு தொடரோ உங்களை நிறுத்தும். அங்கேயே நில்லுங்கள், மீதியை இன்றைக்கு விட்டுவிடுங்கள். 23ஆம் சங்கீதத்தின் முதல் வரியில் "என்" என்று ஒரு சிறு சொல் இருக்கிறது. உலகத்துக்கெல்லாம் மேய்ப்பராகிய கர்த்தரை ஒரு மனிதன் துணிந்து தன்னுடையவர் என்கிறான். நான் ஒரு வாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லிலேயே இருந்தேன். இத்தனை ஆண்டுகளாக அவரை "உங்கள்" மேய்ப்பர் என்றே அறிவித்து வந்திருக்கிறேன் என்பதை அது எனக்குக் காட்டியது.

சுவிசேஷக் கதைகளை எடுத்துக்கொண்டால், அந்தக் காட்சிக்குள் போய் நின்று பாருங்கள். லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் இவ்வழியைக் கற்பித்தார். எரிகோவின் வழியோரத்தில் குருடனாகிய பர்திமேயுவின் அருகே நீங்களும் உட்காருங்கள். புழுதியையும் கூட்டத்தின் இரைச்சலையும் கவனியுங்கள். அவனை அதட்டுகிறவர்களில் நீங்களும் ஒருவரோ என்று பாருங்கள். அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவர் அவனிடம் கேட்ட கேள்வியை, உங்கள் பெயரைச் சொல்லி உங்களிடம் கேட்கட்டும்.

வசனம் ஜெபமாக மாறும் வழியை மார்ட்டின் லூத்தர் எளிமையாகக் காட்டியிருக்கிறார். விட்டன்பர்க் நகரில் அவருக்கு முடிதிருத்தி வந்த பேதுரு என்பவர், எப்படி ஜெபிப்பது என்று அவரிடம் கேட்டார். லூத்தர் அவருக்காகவே ஒரு சிறு நூலை எழுதி 1535இல் வெளியிட்டார். கற்பனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது எனக்கு எதைக் கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்லத் தூண்டுகிறது, எந்தப் பாவத்தை அறிக்கையிடச் செய்கிறது, எதைக் கேட்கச் சொல்கிறது என்று நான்கு புரிகளாக முறுக்கிக்கொள்ளச் சொன்னார். சவரக்கத்தியைப் பிடித்தவன் கவனத்தைச் சிதறவிட்டால் என்னாகும் என்பதையும் அந்த நூலில் அவருக்கு நினைவூட்டினார். உங்களுக்கு உகந்ததாயிருந்தால் நீங்களும் இவ்வாறே செய்யுங்கள். கடைசி இரண்டு நிமிடம் ஒன்றும் கேட்காமல் சும்மா இருங்கள். 131ஆம் சங்கீதம் காட்டும் பால்மறந்த குழந்தை, தாயிடம் எதையும் கேட்காமல் அவள் மடியில் இருக்கிறதல்லவா, அப்படி.

சிந்தை அலையும்போது

மனம் அலையும், கட்டாயம் அலையும். முதல் நாள் நான் உட்கார்ந்தபோது, இரண்டாம் நிமிடத்தில் ஆலயத்தின் ஒழுகுகிற கூரைக்குப் போய்விட்டேன். கொத்தனாரோடு கூலிபேசி முடித்தபோது பத்து நிமிடமும் கழிந்திருந்தது. பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர், காலையில் முழங்காற்படியிட்டும் நெடுநேரம் சிந்தை அலைந்து தவித்ததை 1841இல் எழுதியிருக்கிறார். ஜெபத்தைக் கொண்டு தொடங்குவதை விட்டு, வேதத்தைத் தியானிப்பதைக் கொண்டு நாளைத் தொடங்கிய பிறகே, ஜெபம் தாமாகப் பிறந்ததாகச் சாட்சி சொல்கிறார். ஜெபவீரர் என்று நாம் போற்றுகிற முல்லருக்கே அப்படியென்றால், நாம் மனமடிவாக வேண்டுவதில்லை.

அலைந்ததை உணர்ந்ததும் உங்களைத் திட்டிக்கொள்ளாதிருங்கள். அந்த வசனத்துக்கு மெல்லத் திரும்புங்கள். நூறு தரம் அலைந்தால் நூறு தரமும் திரும்புங்கள். தூர தேசத்திலிருந்து திரும்பி வந்த மகனை நோக்கி ஓடிவந்த தகப்பன் அல்லவா நமக்கு இருக்கிறார்? பத்து நிமிடமும் திரும்பி வருவதிலேயே கழிந்தாலும் அது வீண்போன நேரம் அன்று.

ஓர் எச்சரிக்கை

தியானத்தை மந்திரக்கோலாக எண்ண வேண்டாம். லூத்தர் நூல் எழுதிக்கொடுத்த அந்தப் பேதுரு, அதே 1535ஆம் ஆண்டில், ஒரு குடும்ப விருந்தில் தம் மருமகனைக் குத்திக் கொன்றுவிட்டார். நண்பர்கள் பரிந்து பேசியதால் உயிர் தப்பி, நகரத்தைவிட்டுத் துரத்தப்பட்டார். ஜெபிப்பதற்கு இத்தனை நல்ல வழிகாட்டி கையில் இருந்தவருடைய வீட்டில் இது நடந்தது. வழிமுறை நம்மை இரட்சிக்காது, இரட்சிக்கிறவர் கிறிஸ்து. தியானித்து எழும்பிய மனிதன் தன் மனைவியோடும் பிள்ளைகளோடும் கூலியாளோடும் எப்படிப் பேசுகிறான் என்பதே அவனுடைய தியானத்துக்குச் சாட்சி.

துயரத்தில் மூழ்கியிருக்கிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. 77ஆம் சங்கீதத்தில் ஆசாப், தேவனை நினைத்தபோதே தான் கலங்கியதாகவும், கண்மூட இயலாமல் தவித்ததாகவும் சொல்கிறான். அமைதி சிலருக்கு முதலில் ஆறுதலாக இராது. அடக்கி வைத்த அழுகை மேலே வரும். உங்களுக்கு அப்படியானால் தனியே நெடுநேரம் உட்காராதிருங்கள். நடந்துகொண்டே ஒரு வசனத்தைச் சொல்லுங்கள், நம்பிக்கைக்குரிய ஒருவரோடு சேர்ந்து வாசியுங்கள், என்னிடமும் வாருங்கள். மனச்சோர்வு விடாமல் அழுத்தினால் மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு அல்ல. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்ளுகிறவர்கள், தியானம் தொடங்கிவிட்டோம் என்று அதை நிறுத்திவிட வேண்டாம்.

சபைக்கு ஒரு விண்ணப்பம்

நம் ஆராதனையில் பாடல் உண்டு, பிரசங்கம் உண்டு, அறிவிப்புகள் உண்டு. அமைதி மட்டும் இல்லை. ஒலிபெருக்கி ஒரு நிமிடம் ஓய்ந்தால், ஏதோ பழுதாகிவிட்டது என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கிறோம். வரும் ஞாயிறு முதல், பிரசங்கம் முடிந்ததும் மூன்று நிமிடம் ஒருவரும் பேசாமலும் பாடாமலும் இருக்க வேண்டுமென்று சபை மூப்பர்களிடம் கேட்டிருக்கிறேன். குழந்தைகள் அழலாம்; மின்விசிறி கிரீச்சிடலாம்; அதனால் குறைவில்லை. அந்த மூன்று நிமிடத்துக்காக என் பிரசங்கத்தை ஐந்து நிமிடம் குறைத்துக்கொள்கிறேன். இதைப் பற்றி உங்களில் யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் என்னிடமே சொல்லுங்கள். இம்முறை வாசலில் நின்று அவசரமாகப் பதில் சொல்லமாட்டேன்.

அந்தத் தாயாரிடம் போன வாரம் அவருடைய வீட்டுக்கே சென்று பேசினேன். இருவரும் 121ஆம் சங்கீதத்தை மூன்று தரம் வாசித்தோம். எந்தச் சொல் உங்களை நிறுத்துகிறது அம்மா என்று கேட்டேன். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குகிறதில்லை என்னும் இடத்தைக் காட்டினார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால், ஐயா, நானும் விழித்திருக்க வேண்டிய அவசியமில்லையே" என்றார். நான் அந்தச் சங்கீதத்தின்மேல் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். இந்தக் குறிப்பு எனக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. அவருக்கு இனி நன்றாக உறக்கம் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க இயலாது. உறக்கம் வராத இரவில் அசைபோட அவருக்கு இப்போது ஒரு வார்த்தை இருக்கிறது என்பதை மட்டும் அறிவேன்.

இந்த வாரம் நீங்களும் ஒரு சங்கீதத்தைத் தெரிந்துகொண்டு, பத்து நிமிடம் உட்காருங்கள். உங்களை நிறுத்திய சொல்லை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்லுங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் பரலோகப் பிதாவே, உம்முடைய வார்த்தையை அவசரமாய் விழுங்கினதை மன்னியும். அதை மென்று ருசிபார்க்கப் பொறுமையைத் தாரும். அலைந்து திரிகிற எங்கள் சிந்தையை ஒவ்வொரு முறையும் உம்மிடத்தில் சேர்த்துக்கொள்ளும். உறக்கமற்ற இரவுகளைக் கடக்கிறவர்களுக்கு உம்முடைய சமாதானத்தைக் கட்டளையிடும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

உங்களோடு கற்றுக்கொள்ளும்,
உங்கள் போதகர்